நான்கு பெட்டி, ஒரே வாய்: 15 அங்குல மடிப்பு ஹார்ன் பேஸ் பாக்ஸ் கட்ட முழுமையான வழிகாட்டி

மைக் செட் வேலையில் ஹார்ன் என்றதும் மரத்தில் கட்டிய தகரக் கூம்புதான் கண்முன் வரும். அந்தக் கூம்புக்குள் நடப்பதும், ஆள் உயர பிளைவுட் பேஸ் பாக்ஸுக்குள் நடப்பதும் ஒன்றே. சின்னப் பரப்பில் அழுத்தம் அதிகமாக இருக்கும் காற்றை, மெல்ல மெல்ல விரியும் குழாய் வழியாகப் பெரிய பரப்புக்குக் கொண்டுவருகிறோம். ஸ்பீக்கரின் காகிதக் கோன் தனியாக நின்று காற்றைத் தள்ளும்போது சக்தியில் பெரும்பகுதி வாய்ஸ் காயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடும். நல்ல 15 அங்குல டிரைவர் (பெட்டிக்குள் மாட்டும் ஸ்பீக்கர்) சாதாரணப் பெட்டியில் கொடுக்கும் வாட்டில் சுமார் 3 சதவீதத்தைத்தான் ஒலியாக்கும். அதே டிரைவர் சரியான ஹார்னில் 20, 25 சதவீதம் வரை தரும். டெசிபலில் இது 8, 9 கூடுதல். ஹார்னில் 100 வாட்டில் கேட்கும் சத்தத்தைச் சாதாரணப் பெட்டியில் எட்டிப்பிடிக்க 700, 800 வாட் வேண்டும்.

இந்த லாபம் இலவசம் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டியில் அளவு, திறன், எவ்வளவு கீழே இறங்கும் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஒலிபெருக்கி வடிவமைப்பாளர் ஹாஃப்மன் சொன்ன விதி. ஹார்ன் கட்டுபவர் திறனையும் ஆழத்தையும் கேட்கிறார். அதற்கான விலையை அளவில் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் கட்டி ஏமாந்துபோகும் ஹார்ன்களில் பெரும்பாலானவை இந்த விலையைக் கொடுக்காமல் தப்பிக்கப் பார்த்தவை. பெட்டி வேனில் ஏற வேண்டும் என்று வாயை (ஹார்ன் அகன்று முடியும் முன்திறப்பை) குறுக்கிவிட்டு, 40 ஹெர்ட்ஸ் வரவில்லையே என்று ஈக்வலைசரை முறுக்குவார்கள். டிரைவர் எரிந்த பிறகு பழி டிரைவர் மேல் விழும்.

ஆகவே ரம்பத்தை எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எத்தனை பெட்டி, எங்கே வைத்து ஓட்டப்போகிறீர்கள்? இங்கே எடுத்துக்கொள்வது 50 ஹெர்ட்ஸ் கீழெல்லை கொண்ட மடிப்பு ஹார்ன். திறந்தவெளியில், தரையில், நான்கு பெட்டிகளை இரண்டின் மேல் இரண்டாக அடுக்கி ஓட்டுவதற்கானது. ஒரே ஒரு பெட்டிதான் கட்டப்போகிறேன், கல்யாண மண்டபத்தில் ஓட்டினால் போதும் என்பவருக்கு நேர்மையான யோசனை: ஹார்னை விடுங்கள், நல்ல ரிஃப்ளெக்ஸ் (காற்றுத் துளை வைத்த சாதாரண) பெட்டி கட்டுங்கள். பாதி எடையில் அதைவிட ஆழமான பேஸ் கிடைக்கும்.

முதல் படி: வாயின் அளவு

எந்த ஹார்ன் கணக்கும் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாயின் சுற்றளவு, கீழெல்லை ஒலியின் அலைநீளத்துக்குக் குறையக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் 348 ÷ 50 = 6.96 மீட்டர். அந்தச் சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு 3.85 சதுர மீட்டர். பெட்டி தரையில் உட்கார்ந்திருந்தால் தரை கண்ணாடிபோல் மறுபாதியைக் காட்டிவிடும், எனவே பாதி போதும்: 1.93 சதுர மீட்டர். பின்னால் கெட்டியான சுவர் இருந்தால் அதிலும் பாதி. மூலையில் வைத்தால் இன்னும் பாதி. அமெரிக்க ஒலிப்பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940களில் தன் வீட்டு ஹார்னை அறை மூலைக்கென்றே வடிவமைத்ததன் காரணம் இதுதான், அறையின் சுவர்களே ஹார்னின் மீதிப் பகுதி ஆகிவிடுகின்றன. பந்தலில் துணித் தடுப்பும் தகரத் தடுப்பும் இந்தக் கணக்கில் சுவர் ஆகாது.

இதே கணக்கில் 40 ஹெர்ட்ஸுக்கு 3 சதுர மீட்டரும், 30 ஹெர்ட்ஸுக்கு 5.35 சதுர மீட்டரும் வேண்டும். வாய் மட்டும் பெரிதானால் போதாது, நீளமும் சேர்ந்து கூடும். அதனால் 50-லிருந்து 40-க்கு இறங்க, மொத்தக் கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தப் 10 ஹெர்ட்ஸுக்காக இன்னொரு வேன் வாடகை கொடுக்கத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தவிலும் பறையும் கிக் டிரம்மும் நெஞ்சில் இடிப்பது 60 முதல் 120 ஹெர்ட்ஸ் பகுதியில். திருவிழா மேடைக்கு 50 போதும் என்பது எங்கள் முடிவான கருத்து.

1.93 சதுர மீட்டரை நான்காகப் பிரித்தால் ஒரு பெட்டிக்கு 0.48. உள் அளவு 55 செ.மீ அகலம், 88 செ.மீ உயரம் வைத்தால் 4,840 சதுர செ.மீ கிடைக்கும். 18 மி.மீ பிளைவுட்டில் வெளி அளவு 58.6 × 91.6 செ.மீ. நான்கையும் அடுக்கினால் அகலம் 117, உயரம் 183 செ.மீ. அந்த நான்கு வாயும் இடைவெளியின்றி ஒட்டி நின்றால்தான் ஒரே வாய். மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகப் பிரித்து வைத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அத்தோடு நடுவில் நிற்பவருக்கு பேஸ் கொட்டும், பத்தடி தள்ளி நிற்பவருக்குக் காணாமல் போகும். நான்கையும் ஒரே இடத்தில், முடிந்தால் மேடையின் நடுவில், தரையில் வையுங்கள்.

தனியாக ஒரு பெட்டியை ஓட்டினால் என்ன ஆகும்? 0.48 சதுர மீட்டர் வாய் தரையில் 100 ஹெர்ட்ஸுக்குத்தான் முழு அளவு. அதற்குக் கீழே வாயை அடையும் அலையில் ஒரு பகுதி வெளியே போகாமல் திரும்பித் தொண்டைக்கே (டிரைவர் பக்கத்துக் குறுகலான முனைக்கே) வரும். சில சுருதிகள் பலமாகவும் பக்கத்துச் சுருதிகள் மெலிந்தும் கேட்கும். பேஸ் கிட்டாரில் ஒரு நோட்டு மட்டும் "பூம்" என்று எழுந்து, அடுத்த நோட்டு அமுங்கினால் சந்தேகமே வேண்டாம், வாய் போதவில்லை.

இரண்டாம் படி: டிரைவர்

எல்லா 15 அங்குல டிரைவரும் ஹார்னுக்கு ஒத்துவராது. கார் சப்வூஃபர் வகையில் கோன் கனமாகவும் மேக்னட் அதற்கு ஈடில்லாமலும் இருக்கும். ஹார்னில் அது சோம்பிப்போகும். நமக்கு வேண்டியது கனமான மேக்னட், இலேசான ஆனால் விறைப்பான காகிதக் கோன். தகவல் தாளில் பார்க்க வேண்டியவை: எஃப்எஸ் (டிரைவர் தானாக அதிரும் சுருதி) 35 முதல் 45 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் (குறையக் குறைய மேக்னட்டின் பிடி பலம்) 0.25 முதல் 0.35, பிஎல் (மேக்னட்டும் காயிலும் சேர்ந்து தரும் தள்ளுவிசை) 20-க்கு மேல். எஃப்எஸ்ஸை இரண்டால் பெருக்கி க்யூஇஎஸ்ஸால் வகுத்தால், கோனின் எடை காரணமாக ஒலி சரியத் தொடங்கும் இடம் தெரியும். 40 ஹெர்ட்ஸ், 0.30 என்றால் 267 ஹெர்ட்ஸ். 180 ஹெர்ட்ஸில் மேல் சுருதிகளுக்கான டாப் பெட்டிக்குக் கைமாற்றும் (இந்த இடம்தான் கிராஸ்ஓவர்) நமக்கு இது தாராளம். 0.5 க்யூஇஎஸ் உள்ள டிரைவரில் அதே கணக்கு 160 ஹெர்ட்ஸில் முடிந்துவிடும்.

கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த டிரைவரை வைத்துக்கொள்வோம்: எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் 0.30, விஏஎஸ் (சஸ்பென்ஷனின் விறைப்புக்கு இணையான காற்று) 156 லிட்டர், கோன் பரப்பு 855 சதுர செ.மீ, பிஎல் 22, டிசி ரெசிஸ்டன்ஸ் 5.5 ஓம், தாங்கும் சக்தி 400 வாட். சந்தையில் இதையொட்டிய டிரைவர்கள் கிடைக்கும். தகவல் தாள் இல்லாத, பெட்டியில் "1500 வாட்" என்று மட்டும் அச்சிட்ட டிரைவரை வாங்கி ஹார்ன் கட்டாதீர்கள். கணக்கு போட எண் இல்லாவிட்டால் பிளைவுட் வீண்.

மூன்றாம் படி: தொண்டை

கோன் பரப்பைத் தொண்டைப் பரப்பால் வகுத்தால் அழுத்த விகிதம். இதைக் கூட்டக் கூட்ட, ஒரு எல்லை வரை, திறன் ஏறும், ஹார்னின் நீளமும் கூடும். ஆனால் கோனின் முன்பக்கம் மேலும் மேலும் பெரிய அழுத்தம் உட்காரும். 3-ஐத் தாண்டினால் சாதாரணக் காகிதக் கோன் தாங்காது. முதலில் கோனின் நடு மூடியான டஸ்ட் கேப்பைச் சுற்றிய ஒட்டு விடும், பிறகு கோன் விளிம்போரம் வளையமாக மடிந்து கிழியும். ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்கு வரும் ஹார்ன் டிரைவர்களில் காயில் நன்றாகவே இருந்து, கோன் மட்டும் குடைபோல் உள்வாங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 2-க்கு அருகில் நிறுத்துவது பத்திரம். 855 ÷ 400 = 2.14. தொண்டை 400 சதுர செ.மீ.

நான்காம் படி: விரிவும் நீளமும்

ஹார்ன் எந்த வேகத்தில் விரிய வேண்டும் என்பதைக் கீழெல்லை முடிவு செய்கிறது. எக்ஸ்போனென்ஷியல் விரிவில் ஒவ்வொரு குறிப்பிட்ட நீளத்துக்கும் பரப்பு இரட்டிக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு அந்த நீளம் 38.4 செ.மீ. 400-லிருந்து 4,840-க்கு வர 138 செ.மீ ஆகும்.

ஹைபர்பாலிக் வகை விரிவு, தொண்டைப் பக்கம் இன்னும் மெதுவாக விரிந்து, கீழெல்லை அருகே கோனை நன்றாகப் பிடிக்கும். அதற்கு நீளம் கூடும், குறுகலான சந்தில் காற்று அதிக தூரம் நெருக்கப்படுவதால் சிதைவும் சற்றுக் கூடும். கூர்ங்கூம்பு விரிவில் தச்சு வேலை சுலபம், ஆனால் தொண்டையருகே வேகமாக விரிவதால் கீழ்ச்சுருதிகளில் பிடி இல்லை. முதல் பெட்டிக்கு எக்ஸ்போனென்ஷியலே சரி.

அகலத்தை எங்கும் 55 செ.மீ என்று நிலையாக வைத்துவிட்டால் மாறுவது பலகைகளுக்கு இடையிலான சந்து மட்டும். பலகை எல்லாம் ஒரே அகலம், எல்லா வெட்டும் நேர்வெட்டு. தொண்டையிலிருந்து நடுக்கோடு வழியே அளந்த தூரமும், அங்கே இருக்க வேண்டிய சந்தும்:

0 செ.மீ: 7.3 செ.மீ
20 செ.மீ: 10.4 செ.மீ
40 செ.மீ: 15.0 செ.மீ
60 செ.மீ: 21.5 செ.மீ
80 செ.மீ: 30.8 செ.மீ
100 செ.மீ: 44.2 செ.மீ
120 செ.மீ: 63.5 செ.மீ
138 செ.மீ: 88 செ.மீ

இந்த வளைவை நேர்ப்பலகைகளால் துண்டு துண்டாகப் பின்பற்றினால் போதும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் சந்து சரியாக இருந்தால், நடுவில் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருப்பது 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்குத் தெரியாது. தொண்டையருகே மட்டும் மில்லிமீட்டர் பாருங்கள். 7.3 செ.மீ சந்தில் 7 மி.மீ பிசகினால் பத்து சதவீதம் பரப்பு போய்விடும்.

ஐந்தாம் படி: மடிப்பு

138 செ.மீ ஹார்னை நேராகக் கட்டினால் பின்னறையும் (டிரைவரின் முதுகுப்பக்கத்து மூடிய அறை) சேர்ந்து பெட்டி இரண்டு மீட்டர் நீளத்தை நெருங்கும். மடித்தால் 78 செ.மீ ஆழத்தில் அடக்கலாம். ஹார்னின் உள்ளே இருக்கும் காற்று 246 லிட்டர், பின்னறை 62, டிரைவர் 6, மரம் ஏறத்தாழ 90, ஆக 400 லிட்டர் சொச்சம். 58.6 × 91.6 × 78 செ.மீ பெட்டி 419 லிட்டர். இடம் இருக்கிறது, ஆனால் வீணடிக்க இல்லை.

மடிப்புக்கும் விலை உண்டு. திருப்பத்தில் உள்விளிம்பை ஒட்டிப் போகும் அலைக்கும் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் அலைக்கும் பாதை நீளம் வேறு. முழுத் திருப்பத்தில் அந்த வித்தியாசம் சந்தின் அகலத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. அது பாதி அலைநீளத்தை எட்டும் சுருதியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 21.5 செ.மீ சந்தில் திருப்பினால் அந்த இடம் 258 ஹெர்ட்ஸ். அதே திருப்பத்தை 31 செ.மீ சந்தில் வைத்தால் 180 ஹெர்ட்ஸுக்கே வந்துவிடும், சரியாக நம் கிராஸ்ஓவரின் மேல். ஆகவே ஹார்ன் குறுகலாக இருக்கும்போதே, 60 செ.மீ தூரத்துக்குள், திருப்பத்தை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு வாய்வரை மடிப்பு இல்லாத, நன்றாக விரியும் ஒரே நடை.

ஏற்பாடு இப்படி: டிரைவரும் பின்னறையும் பெட்டியின் மேற்பகுதியில். டிரைவர் பலகையிலிருந்து தொடங்கும் சந்து பின்சுவரை நோக்கிப் போகும், அங்கே கீழே திரும்பி, முன்னோக்கி வரும். பின்னறையின் அடிப்பலகை முன்பக்கம் வரவர மேலே சரிந்து, வாய் முழு உயரத்துக்குத் திறக்க வழிவிடும். பின்மூலைகள் இரண்டிலும் 45 டிகிரியில் பலகைத் துண்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் மூலையில் சந்து திடீரென்று அகன்று மீண்டும் குறுகும், அலை அங்கே பின்னோக்கி எகிறும்.

பக்கப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் பென்சிலால் முழு அளவில் இந்தப் பாதையை வரையுங்கள். நடுக்கோட்டின் மேல் நூலை வைத்து நீளத்தை அளந்து, ஒவ்வொரு 20 செ.மீக்கும் குறி போடுங்கள். அந்தக் குறியில் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகச் சந்தை அளந்து மேலே உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். முதல் வரைதலில் சரியாக வராது. மூன்றாவது நான்காவது தடவையில்தான் பலகைகள் தங்கள் இடத்தில் உட்காரும். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஆறாம் படி: பின்னறையும் முன்னறையும்

கீழெல்லை அருகே ஹார்னின் தொண்டை, கோனின் மேல் ஒரு பாரமாகத் தொங்கும். பின்னறையில் அடைத்த காற்று ஸ்பிரிங்காகி அந்தப் பாரத்தைச் சமன் செய்ய வேண்டும். தேவையான காற்று, தொண்டைப் பரப்பு × ஒலி வேகம் ÷ (2 × 3.14 × கீழெல்லை). 0.04 × 348 ÷ 314 = 0.044 கன மீட்டர், 44 லிட்டர். டிரைவரின் சஸ்பென்ஷனும் ஒரு ஸ்பிரிங் என்பதால், அதன் 156 லிட்டருக்கு இணையான விறைப்பைக் கழித்துவிட்டால் பின்னறை 62 லிட்டர் வேண்டும். டிரைவர் அடைக்கும் இடம் இதில் சேராது. சிறிதாக்கினால் கோன் பத்திரமாக இருக்கும், ஆனால் 50 முதல் 65 ஹெர்ட்ஸ் வரை மெலியும். பெரிதாக்கினால் கீழே சற்றுக் கூடும், கோனின் ஆட்டமும் கூடும்.

முன்னறை என்பது கோனுக்கும் தொண்டைத் துளைக்கும் இடையிலான காற்று. இதை யாரும் கவனிப்பதில்லை. டிரைவர் பலகையில் 32 × 12.5 செ.மீ துளை வெட்டுகிறோம், 400 சதுர செ.மீ. துளை கோனைவிடச் சிறியது என்பதால் கோன் முன்னே வரும்போது அதன் விளிம்பு வளையமான சரவுண்ட், பலகையில் இடிக்கும். அதைத் தடுக்க 18 மி.மீ பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி இடையில் வைக்க வேண்டும். வளையம், கோனின் குழிவு, துளை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5 லிட்டர். இந்தக் காற்று 440 ஹெர்ட்ஸுக்கு மேல் தானே ஒரு வடிகட்டியாகிவிடும், நமக்குத் தொல்லையில்லை. இரண்டு வளையம் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று 10 லிட்டர் ஆக்கினால் வடிகட்டல் 220-க்கு இறங்கி கிராஸ்ஓவர் பகுதியைத் தின்னும்.

வெட்டும் முன் ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். டேவிட் மெக்பீன் எழுதியது, வீட்டில் ஹார்ன் கட்டுபவர்கள் எல்லா நாட்டிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எஸ்1-இல் (தொண்டை) 400, எஸ்2-இல் (வாய்) 4840, எக்ஸ்ப் நீளம் 138, விஆர்சி (பின்னறை, லிட்டரில்) 62, விடிசி (முன்னறை, கன செ.மீயில்) 5000. 'ஆங்' கட்டத்தில் 2.0 போட்டால் தரையில் தனிப் பெட்டி. 0.5 போட்டால் தரையில் அடுக்கிய நான்கில் ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். இரண்டு வரைபடத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மலையும் பள்ளமுமாக இருந்த கோடு நான்கு பெட்டிக் கணக்கில் எப்படி நிமிர்கிறது என்று பார்த்தால், மேலே வாயைப் பற்றி ஏன் அவ்வளவு எழுதினோம் என்று புரியும். கோனின் எடைக்கு எம்எம்எஸ் அல்ல, கோனோடு ஒட்டி ஆடும் காற்றைச் சேர்க்காத எம்எம்டியைத்தான் கொடுக்க வேண்டும். பலர் தவறுவது இங்கே.

ஏழாம் படி: மரவேலை

ஒரு பெட்டிக்கு 8 × 4 அடி, 18 மி.மீ பிளைவுட் இரண்டு ஷீட். ஐஎஸ் 710 மரைன் தரம் சிறந்தது. செலவு தாங்காவிட்டால் ஐஎஸ் 303-இல் கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் தரம். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், ஒரு மழையில் விளிம்பு உப்பிவிடும். கடையில் ஷீட்டை வாங்கும் முன் விளிம்பைப் பாருங்கள். நடு அடுக்குகளில் ஓட்டை தெரிந்தால், ஓட்டும்போது அந்த ஓட்டை "சர்ர்" என்று அதிரும், எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கவே முடியாது.

வெட்டும்போது ரம்பம் தின்னும் 3 மி.மீயைக் கணக்கில் சேருங்கள். 55 செ.மீ அகலமுள்ள உள்பலகை எல்லாவற்றையும் ரம்பத்தின் கைடை நகர்த்தாமல் ஒரே மூச்சில் வெட்டுங்கள். ஒன்று மட்டும் 2 மி.மீ குறைந்தாலும் அங்கே காற்று கசியும்.

வரைந்த பக்கப் பலகையின் மேல் உள்பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, மறுபக்கத்திலிருந்து 3 மி.மீ துளையிட்டு, 8 நம்பர் 2 அங்குல ஸ்குரூவை 12 செ.மீக்கு ஒன்றாக முடுக்குங்கள். பசை மூட்டின் இரு பக்கமும் மணிமணியாகப் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் பசை போதவில்லை. எல்லா உள்பலகையும் நின்றபின், இன்னொரு பக்கப் பலகையை மூடும் முன், விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு மூட்டிலும் சீலண்ட் தேயுங்கள். மூடிவிட்டால் தொண்டைப் பகுதிக்குக் கை போகாது.

மூடும் முன் ஒயர், பின்னறைக்குள் இரண்டு பக்கச் சுவரையும் பிடிக்கும் ஒரு குறுக்குக்கட்டை, வாயின் நடுவில் ஒரு குறுக்குப்பலகை ஆகியவற்றை மறக்க வேண்டாம். வாய்ப்பக்கத்துப் பக்கச் சுவர்தான் பெட்டியிலேயே பெரிய, தாங்கலற்ற பலகை. அது நடுங்கினால் பேஸ் மரத்திலேயே கரைந்துவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று கேட்டால் சரி, "தொம்" என்று நீண்டால் இன்னொரு தாங்கல் வேண்டும்.

டிரைவரை மாட்ட பின்னறைக்கு ஒரு கதவு. ரப்பர் ஃபோம் பட்டை ஒட்டி, எம்6 போல்ட்டும் டீ-நட்டும் 10 செ.மீ இடைவெளியில். ஸ்குரூ போட்டால் இரண்டாவது டிரைவர் மாற்றத்தில் மரத்தின் பிடி போய்விடும். வெளிப்பூச்சு, கைப்பிடி, மூலைத்தகரம், 4 அங்குலச் சக்கரம் எல்லாம் உங்கள் விருப்பம். முடிந்த பெட்டி 65 கிலோவுக்கு மேல் வரும். கைப்பிடி நான்கு வையுங்கள், இரண்டு போதாது.

எட்டாம் படி: மூடும் முன்னும் பின்னும் சோதனை

கதவை மூடிவிட்டால் கோனைப் பார்க்க முடியாது. எனவே டிரைவரை ஒயரில் இணைத்து, பெட்டியில் முடுக்கும் முன்பே, 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை ஸ்பீக்கான் சாக்கெட்டின் (ஆம்ப் ஒயர் மாட்டும் இடம்) 1 பிளஸ்ஸிலும் நெகட்டிவை 1 மைனஸிலும் தொட்டு, கோன் முன்னே வருகிறதா என்று நான்கிலும் பாருங்கள். ஒரு பெட்டியில் ஒயர் மாறியிருந்தால் அது மற்ற மூன்றில் ஒன்றின் வேலையை அழிக்கும். நான்கு பெட்டிக்குரிய வேலையில் இரண்டு பெட்டிக்குரியதுதான் மிஞ்சும், ஆம்ப் மட்டும் முழுசாக உழைக்கும்.

கசிவுக்கு: 60 ஹெர்ட்ஸ் சைன் டோனை 10 வோல்ட் அளவில் கொடுத்து, கொளுத்திய ஊதுபத்தியைக் கதவின் ஓரமாகவும் மூட்டுகள் வழியாகவும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும் இடம் சரி. எங்கே புகை துடித்துச் சிதறுகிறதோ அங்கே காற்று போய்வருகிறது. பின்னறைக் கசிவு சின்னதாக இருந்தாலும் விடாதீர்கள், சத்தம் ஏற ஏற அது சீட்டியாகும்.

சத்தத்தை அளக்க மைதானத்தில் நான்கு பெட்டியையும் அடுக்கி, வாயிலிருந்து 10 மீட்டர் தள்ளி மைக்கைத் தரையில் வையுங்கள். 10 மீட்டரில் வரும் எண்ணோடு 20 சேர்த்தால் 1 மீட்டர் கணக்கு. 1 மீட்டரிலேயே வைத்து அளந்தால் நான்கு வாயில் ஒன்றைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஒன்பதாம் படி: ஓட்டுவது

கீழெல்லைக்கு மேலே ஹார்ன் கோனைக் கையில் பிடித்ததுபோல் வைத்திருக்கும். கீழே அந்தக் கை விட்டுவிடும். 35 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்று உள்ளே வந்தால் கோன் பாய்ந்து காயில் பின்தட்டில் இடிக்கும், வெளியே சத்தமும் வராது. மிக்ஸரில் மைக் விழுந்த "தொப்" ஒன்றே போதும். அதனால் 45 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள சுருதிகளை வெட்டும் வடிகட்டி) இல்லாமல் இந்தப் பெட்டியை ஆம்ப்பில் இணைக்கவே கூடாது. இதில் சமரசம் இல்லை. மேல் பக்கம் 180-இல் அதே சரிவில் லோ-பாஸ், அது மேல் சுருதிகளை வெட்டும்.

ஹார்ன் பாதை 1.38 மீட்டர் என்பதால் பேஸ் 4 மில்லிசெகண்ட் தாமதமாக வெளியே வரும். டாப் பெட்டிகளின் முகப்பு பேஸ் பெட்டியின் முகப்போடு நேராக இருந்தால், டாப்புக்கு 4 மில்லிசெகண்ட் டிலே கொடுங்கள். கொடுக்காவிட்டால் 180 சுற்றி ஒரு பள்ளம் விழும், தவிலின் இடந்தலை உடம்பில்லாமல் கேட்கும்.

8 ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் சேனலுக்கு 4 ஓம். 400 வாட் டிரைவருக்கு லிமிட்டரை (ஆம்ப்பின் வெளியீட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் கருவியை) நீடித்த ஓட்டத்தில் 40 வோல்ட்டில், அதாவது 200 வாட்டில் நிறுத்துங்கள். குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஹார்னில் கோன் அதிகம் ஆடுவதில்லை, ஆடாத கோன் காயிலுக்கு விசிறி வீசுவதில்லை, பின்னறையும் மூடியிருக்கிறது. காயில் 150 டிகிரி கூடச் சூடானால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 1.6 மடங்காகி 2 டெசிபல் தானே குறைந்துவிடும். அதைப் பார்த்து ஆபரேட்டர் ஏற்றுவார், காயில் கருகும். இரவு நெடுநேரம் ஓடும் கச்சேரியில் டிரைவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் போவது இதனால்தான். ஒயர் 20 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ தாங்கும், ஆனால் போகவர 0.3 ஓம் சேரும். 4 ஓம் இணைப்புக்கு 4 சதுர மி.மீ நல்லது.

அடுக்கின் உயரம் 183 செ.மீ, எடை கால் டன்னுக்கு மேல். சமதரையில் வைத்து, ராட்செட் பெல்ட்டால் நான்கையும் சேர்த்துக் கட்டுங்கள். மணல் தரையில் அடியில் பலகை போடாமல் அடுக்காதீர்கள், அதிர்வில் ஒரு பக்கம் புதையும். வேனில் ஏற்றும்போது வாய் மேலே பார்க்க வேண்டாம், மழை பெய்தால் ஹார்னில் தண்ணீர் தேங்கி மடிப்பில் நிற்கும்.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. பகலிலும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதித்திருக்கும் சுற்றுப்புறச் சத்த வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலோ, மொத்தம் 75 டெசிபலோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் காவல்துறை அனுமதி நிபந்தனைகளில் "கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்" என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மரத்திலும் கம்பத்திலும் கட்டும் தகரக் கூம்பைக் குறிக்கிறது. நம்முடையது பெட்டிதான், ஆனால் டெசிபல் எல்லை பெட்டிக்கும் பொருந்தும். பேஸ் அலை சுவரைத் தாண்டி வீட்டுக்குள் போகும், ஜன்னலை மூடினாலும் நிற்காது. அடுக்கின் முகம் குடியிருப்புப் பக்கம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். முகத்தை மட்டும் திருப்பினால் போதாது, 50 ஹெர்ட்ஸில் இந்த அடுக்கு பின்பக்கமும் கணிசமாக ஒலிக்கும்.